நூற்றைம்பத்திரண்டில் துள்ளிய வெளிச்சம்

கடல் கடந்து வேலைக்குப் போகிறவன் பணம் கொண்டுவருவான், பட்டு கொண்டுவருவான். நான் கோயமுத்தூருக்கு ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு கல்லூரியின் ஆய்வுசாலைக்குக் கண்ணாடி ஊதுகிறவன் நான். காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிப் பம்புகள் செய்வதில் இந்தத் தீவில் எனக்கு இணை இல்லை என்று நானே சொல்லிக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் சொல்லக் காத்திருந்தால் ஆயுள் போதாது.

என்னை வரவழைத்தவர் அவிநாசியப்பன். கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்நிய தேசத்தில் பௌதிகம் படித்துவிட்டுக் கப்பலில் திரும்பும்போது கொழும்பில் இறங்கி என் பம்பைப் பார்த்தார். பார்த்ததோடு தொட்டும் பார்த்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துக் கடிதம் எழுதினார்: தம் மாமனின் மோட்டார் பட்டறையில் ஓர் அறையில் ஒரு கருவி கட்டியிருப்பதாகவும், அதன் கண்ணாடி வேலையை முடித்துத்தர என்னைவிட்டால் ஆள் இல்லையென்றும். இப்படி எழுதினால் யார்தான் போகாமல் இருப்பார்கள்?

புதன்கிழமை காலை ஸ்டேஷனில் இறங்கினேன். மாமனின் கார் எதிலோ மாட்டிக்கொண்டதாம். எனக்கு வந்திருந்தது ரேக்ளா வண்டி. ஒருவர் உட்காரும் இடத்தில் இரண்டு பேர் தொற்றிக்கொள்ளும் சிறு வண்டி, அதற்கு முன்னால் குதிரையைவிடக் கோபமான இரண்டு காங்கேயம் காளைகள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"மெதுவாய்ப் போங்கோ, உள்ளுக்குக் கண்ணாடி இருக்கு" என்றேன்.

"கவலையே படாதீங்க. பூ மாதிரி கொண்டுபோயிப் போடறேனுங்க" என்றார் வண்டிக்காரர். கொஞ்ச தூரம் பூ மாதிரிதான் போனோம். பின்னால் இன்னொரு ரேக்ளா வந்து எங்களை முந்தியது. வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, இதை மட்டும் பொறுத்துக்கோங்க" என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டுக் காளைகளின் வாலை முறுக்கினார். அதற்குப் பிறகு நான் பார்த்தது வானமும் புழுதியும்தான். நாங்கள் ஜெயித்தோம். பெட்டிக்குள் என்னுடைய மிகப் பெரிய குமிழ் தூள்தூளாகியிருந்தது.

இந்த ஊரில் யாரையும் திட்ட முடியாது என்பதை அப்போதே கண்டுகொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டிக்காரர், "தப்பு என்னுதுதானுங்க, நெம்பத் தப்புங்க, இருந்தாலும் காளையப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒரு சண்டையைத் தொடங்கினால் சாயங்காலம் வரை வைத்திருக்கலாம். இங்கே அது பிறக்கும்போதே மூச்சடங்கிப் போகிறது.

பட்டறை நகரத்துக்கு வெளியே இருந்தது. நீலகிரிப் பைக்காரா ஆற்று மின்சாரம் வந்ததிலிருந்து கிணற்றுக்குக் கிணறு மோட்டார் போடுகிறார்கள். எரிந்துபோன மோட்டார்கள் வாசல் வரை குவிந்து கிடந்தன. அவற்றுக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஆட்கள் இடமில்லாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது. அதுதான் அவிநாசியப்பனின் அறை.

விஷயத்தை அவரே மறைக்காமல் சொன்னார். மாமன் பழனியப்ப கவுண்டர் ஒரு வருஷம் தவணை கொடுத்திருந்தார். வருகிற சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் நீலகிரிக்குப் போகும் வழியில் இங்கே இறங்குகிறார். இந்தக் கருவி மெய்யாகவே வேலை செய்கிறது என்று அவர் வாயால் சொன்னால் அறை அவிநாசியப்பனுக்கு. இல்லையென்றால் திங்கட்கிழமை கம்பி சுற்றுகிறவர்கள் உள்ளே வருவார்கள். கருவியைப் பிரித்துத் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது அங்கிருக்கும் குடிசைக்கு, அனுப்பிவிடுவார்கள்.

"அங்க போனா அது செத்துப்போச்சுங்க. நானும் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போக வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் கருவியைவிட்டு எடுபடவில்லை. அந்தக் கையைப் பார்த்ததும், என் பம்பைத் தொட்ட குற்றத்தை மன்னித்துவிட்டேன்.

உடைந்த குமிழை மறுபடி ஊத இரண்டு நாள்தான் இருந்தது. வெல்டிங் கொட்டகையில் ஆக்ஸிஜன் உருளை கிடைத்தது; அதை வைத்துச் சுடரைக் கூட்டிக்கொண்டேன். ஊதும்போது தொண்டை வறளும். கேட்காமலே செம்பில் தண்ணீர் வந்தது. சிறுவாணித் தண்ணீராம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. இதில் கல்லைப் போட்டாலும் வெந்துவிடும் போலிருந்தது. தண்ணீர் இவ்வளவு இனிக்கும் என்பதை நாற்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டதற்கு எனக்கு வருத்தமே வந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். காலையில் சந்தகை. நம் இடியாப்பத்துக்குச் சொந்தக்காரிதான். ஆனால் வேகவைத்த பிறகு பிழிகிறார்கள். அதற்குத் தேங்காய்ப்பாலை ஊற்றும்போது கை நிற்பதில்லை. மத்தியானம் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, மேலே குழிபறித்து நெய். "போதும்" என்ற சொல்லுக்கு இங்கே "இன்னொரு கரண்டி" என்று பொருள். கவுண்டரின் மனைவி, "மலையாளத்துல இப்புடிக் கிடைக்குமுங்களா?" என்று கேட்டார். நான் யாழ்ப்பாணம் என்று நாலு தரம் சொல்லியும் என் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் என்னைப் பாலக்காட்டுக்கு அந்தப்புறம்தான் குடிவைத்தார்கள்.

கருவியின் பித்தளைப் பாகங்களைக் கடைந்தவர் ரங்கசாமி நாயுடு, பட்டறையின் தலைமை லேத்துக்காரர். அவர் கடைந்த மூடிகள் என் குழாய்களில் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. நான் யாரையும் எளிதில் மெச்சுகிறவன் இல்லை, அவரை மெச்சினேன். அவர் பக்கத்தில் இருந்த தம்பியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவிநாசியப்பன் எனக்கு மொழிபெயர்த்தார்: "இவர் வாயால் ஊதுவதை நான் இரும்பால் செய்கிறேன், எனக்குத்தான் வேலை சுலபம்."

வெள்ளிக்கிழமை கருவி முழுசாக நின்றது. நாயுடு குளித்துவிட்டு வந்து, கற்பூரம் காட்டாமல் எந்த யந்திரத்தையும் தாம் ஓட்டியதில்லை என்றார். அவிநாசியப்பன் பதறிவிட்டார். பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை. கண்ணாடியில் கரி படிந்தாலும் வம்பு. "நெருப்பே கூடாதுங்க நாயுடு. தயவு பண்ணுங்க."

"சரிங்க, நெருப்பு வேண்டாமுங்க" என்றார் நாயுடு. முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, கடைசிப் பித்தளை மூடியைப் போட்டு இறுக்கினார். காற்றுப் புகாதபடி நான் அதன்மேல் மெழுகு வார்த்தேன். பம்பு ஓடத் தொடங்கிற்று.

கருவி என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காற்றில்லாத குமிழுக்குள் ஒரு மெல்லிய கம்பி பழுக்கிறது. அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. ரேடியோ பாட்டரிகளை வரிசையாகக் கோத்து அவற்றை வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். வழியில் ஏதாவது பொருளின் ஆவியைக் கொஞ்சம் விட்டால், ஓர் எலெக்ட்ரான் போய் ஒரு மூலக்கூறின்மேல் மோதும். "புளிய மரத்துல கல்லெறியற மாதிரிங்க. ஒரு பழம் உழுகும். சில சமயம் கெளையே ஒடிஞ்சுபோகும்" என்றார் அவிநாசியப்பன். பழம் என்பது மூலக்கூறிலிருந்து தெறிக்கும் இன்னோர் எலெக்ட்ரான். அதை இழந்த மூலக்கூறு மின்னேற்றம் பெற்று அயனி ஆகிறது. அடி பலமாக இருந்தால் நடுங்கித் துண்டுகளாக உடைகிறது. துண்டுகளைக் காந்தம் வளைக்கிறது. இலேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக. காந்தத்தின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஒவ்வோர் எடையுள்ள துண்டும் முறைவைத்து ஒரு சிறு துவாரத்துக்கு வந்து சேரும். வந்தால், அங்கே உண்டாகும் சிறு மின்னோட்டம் ஒரு கண்ணாடிச் சில்லைத் திருப்பும்; அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சப்பொட்டு சுவரில் ஒட்டிய காகிதத்தின்மேல் துள்ளும்.

லேத்து ஓடினால் பொட்டு ஆடும். ஆகையால் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் பட்டறை ஓய்ந்த பிறகுதான் அளக்க முடியும். விருந்தாளி பசியோடு நிற்பதைப் பொறுக்காத அந்த வீட்டுக்காரர்கள் இலையைப் போட்டுவிட்டு வாசலில் தவித்தார்கள்.

சனிக்கிழமை பேராசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டியவர் போல இருந்தார். பழனியப்ப கவுண்டர் சுவரோரம் கைகட்டி நின்றார். முதலில் பென்சீன் ஆவி. அவிநாசியப்பன் காந்தத்தின் திருகுபிடியைத் திருகி எடை எண்களைச் சொல்ல, நான் பொட்டு துள்ளிய தூரத்தை எழுதினேன். முப்பத்தொன்பது, சிறு துள்ளல். ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. பிறகு எழுபத்தெட்டு. பொட்டு காகிதத்தின் ஓரத்துக்கே ஓடிற்று. உடையாத முழுப் பென்சீன் அது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை என் குழாய்க்குள் உடைத்து, அதன் துண்டுகளை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்! திரும்ப அளந்தோம். அதே இடங்கள், அதே அளவுகள். கோடி கோடி மூலக்கூறுகள், ஒன்றையொன்று கேட்காமல், எல்லாம் ஒரே விகிதத்தில் உடைகின்றன. இதை அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பேராசிரியர்கூடத் தலையசைத்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுபத்தெட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை என்று காட்டும் ஆசையில் அவிநாசியப்பன் இன்னும் திருகினார். எண்பத்தொன்று. துள்ளிற்று. தொண்ணூற்றைந்து. நன்றாகத் துள்ளிற்று. நூற்றெட்டு. கடைசியில் நூற்றைம்பத்திரண்டு. அதற்கு அப்பால் இருநூறை ஒட்டி, பம்புக்குள் கொதிக்கும் பாதரசத்திலிருந்து எப்போதும் வரும் ஆவி மட்டும்.

பேராசிரியர் ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் கண்ணாடி ஒழுகுகிறது. கண்ட குப்பையும் உள்ளே வருகிறது. இந்த அளவுகளை நான் எப்படி நம்புவது?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "என்ரை கண்ணாடி ஒழுகாது ஐயா! ஒழுகினால் காத்தெல்லோ வரவேணும்? இருபத்தெட்டையும் முப்பத்திரண்டையும் பாருங்கோ!" என்று கத்தினேன். இரண்டு நாளாக அவிநாசியப்பனிடம் கேட்டு வைத்திருந்த பாடம் கைகொடுத்தது. அவர் திருகிக் காட்டினார். நைட்ரஜன் வரும் இருபத்தெட்டிலும் ஆக்ஸிஜன் வரும் முப்பத்திரண்டிலும் பொட்டு அசைந்தும் அசையாமலும் நின்றது. காற்று இல்லை. என் மானத்தை அந்தக் கருவியே காப்பாற்றிற்று. ஆனால் அவிநாசியப்பனின் முகம் வெளிறிக் கிடந்தது. என் கண்ணாடி பிழைத்து அவர் அறை போனால் எனக்கு அதில் என்ன சந்தோஷம்?

பென்சீன் குழாயை மூடினார். எழுபத்தெட்டு அடங்கிற்று; தொண்ணூற்றைந்து அடங்கவில்லை. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. தரையில் குந்தி, சாக்கட்டியால் கணக்குப் போட்டார். முழு மூலக்கூறு நூற்றைம்பத்திரண்டு. கார்பன் ஒன்றுக்குப் பன்னிரண்டு. பத்து கார்பன் நூற்றிருபது. ஹைட்ரஜன் ஒன்றுக்கு ஒன்று, பதினாறு ஹைட்ரஜன் பதினாறு. ஆக்ஸிஜன் ஒன்று, அதற்குப் பதினாறு. கூட்டினால் சரியாக வருகிறது. சாக்கட்டி அப்படியே நின்றது. "இந்த எடையில பல சாமான் இருக்குதுங்க" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். மெல்ல நிமிர்ந்து, பித்தளை மூடியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு நாயுடுவைப் பார்த்தார்.

"நாயுடு, நேத்து கற்பூரம் ஏதாச்சும்..."

நாயுடு மேல்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நெருப்பு வேண்டாம்னு சொன்னீங்க. அதனால பத்த வெக்கலீங்க. ஒரு துளி, மொளகு அளவுதானுங்க, அந்த மூடிக்குள்ள சும்மா வெச்சுப்போட்டேனுங்க. சாமிக்குத் தெரியட்டும்னு. இத்தன பேரு முன்னால தலகுனிய வெச்சுப்போட்டனே கண்ணு!"

கற்பூரம் எரிந்தால் மிச்சம் இல்லாமல் போய்விடும் என்றுதான் நான் கேட்டிருக்கிறேன். எரிக்காத ஒரு துளி, தன் எடையையும் தான் உடையும் விதத்தையும் எங்களிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கைகூப்ப வேண்டும் போலிருந்தது. கூப்பியும் விட்டேன்.

பேராசிரியர் வெகு நேரம் அந்தச் சாக்கட்டிக் கணக்கைப் பார்த்தார். "அருமை" என்றார். உடனே, "ஆனால் நீங்கள் கற்பூரத்தின் பெயரை முன்பே பேசியிருக்கிறீர்கள். மனத்தில் இருப்பது கணக்கில் வந்துவிடும். இதை வைத்து நான் சத்தியம் பண்ண முடியாது" என்றார். அது நியாயம் என்று அவிநாசியப்பனுக்கே தெரியும். பேராசிரியர் நாயுடுவின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "நாளைக்கு வேறு ஏதாவது ஒன்று வையுங்கள். எங்கள் ஒருவரிடமும் சொல்லக் கூடாது. நான் நீலகிரிக்கு ஒரு நாள் கழித்துப் போகிறேன்."

அன்று பிற்பகல் முழுவதும் எனக்கு வேலை. கற்பூரம் பட்ட குழாயை அறுத்தெடுத்துப் புதிது ஊதி ஒட்டினேன். கண்ணாடி முழுவதையும் சுடரால் வாட்டினேன். பம்பை ஓட விட்டுவிட்டுப் படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தபோது தொண்ணூற்றைந்து செத்துக் கிடந்தது. நாயுடு எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைத் தாழிட்டுக்கொண்டு தம் காரியத்தைச் செய்தார். வெளியே வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை. மூடிமேல் நான் மெழுகு வார்த்தேன். உள்ளே என்ன என்று எனக்கும் தெரியாது.

மத்தியானம் லேத்துகள் ஓய்ந்தன. முப்பதிலிருந்து தொடங்கினார். பொட்டு அசையவில்லை. நாற்பது, ஒன்றுமில்லை. ஐம்பத்தொன்றில் ஒரு சிணுங்கல். அறுபத்துநான்கில் சிறு துள்ளல். எழுபது, எண்பது, தொண்ணூறு, வெறுமை. நூற்றிரண்டில் லேசாக. அவிநாசியப்பனின் விரல் திருகுபிடிமேல் வழுக்கிற்று, வேட்டியில் துடைத்துக்கொண்டார். நூற்றிருபது தாண்டியது. கவுண்டர் சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்திருந்தார். நூற்றிருபத்தெட்டு.

பொட்டு காகிதத்தைவிட்டே ஓடிப்போய்ச் சுவரில் அடித்தது.

"உடையவே மாட்டேங்குதுங்க" என்றார் அவிநாசியப்பன். "அதே அடிதான். கற்பூரம் சுக்குநூறாப் போச்சு. இது அப்படியே நிக்குது. அறுபத்துநாலு துண்டு இல்லீங்க, இதேதான் ரெண்டு மின்னேற்றத்தோட வந்து பாதி எடையாத் தெரியுது." ஒன்று உடைகிறது, ஒன்று தாங்குகிறது. மனுஷர்களில் அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆவியாய்ப் பறக்கும் ஒரு பொடிக்குள்ளும் அந்த வித்தியாசம் இருக்கிறதென்பதை நான் கனவிலும் நினைத்ததில்லை.

அவிநாசியப்பன் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி மடித்துப் பேராசிரியரிடம் கொடுத்தார். நான் காற்றை உள்ளே விட்டு மெழுகை உடைத்தேன். நாயுடு மூடியைக் கழற்றிக் கவிழ்த்தார். அவர் உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு சிறு துணுக்கு விழுந்தது. வாசனை முதலில் வந்தது.

"பாச்சை உருண்டைங்க" என்றார் நாயுடு. "எங்க ஊட்டுல பட்டுச்சீலப் பொட்டியிலிருந்து எடுத்துட்டு வந்தேனுங்க. அவளுக்குக்கூடத் தெரியாதுங்க."

பேராசிரியர் காகிதத்தைப் பிரித்தார். படித்தார். அதைக் கவுண்டரிடம் நீட்டினார். கவுண்டர் எழுத்துக் கூட்டிப் படித்தார்: "நாப்தலீன். பாச்சை உருண்டை."

"ரெண்டு தடவையும் நெசத்தச் சொல்லிப்போட்டதுங்களா?" என்று கவுண்டர் பேராசிரியரைக் கேட்டார்.

"இரண்டு தடவையும்" என்றார் பேராசிரியர். "எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் வேறு எந்த அறையிலும் இதைச் செய்ய முடியாது."

கவுண்டர் காகிதத்தை நாலாக மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வேப்பமரத்தடியில் கம்பி சுற்றுகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு தரம் பார்த்தார், எரிந்த மோட்டார்க் குவியலைப் பார்த்தார், மருமகனிடம் வந்தார்.

"அவங்களுக்கு நான் வேற கொட்டாய் போட்டுக்கறேன்" என்றார். "உனக்கு இந்த ரூம்பு பத்தாது கண்ணு. பக்கத்து ரூம்பையும் எடுத்துக்கோ."

அவிநாசியப்பன் குந்தி உட்கார்ந்து, முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டு, எங்கள் எல்லார் முன்னாலும் குழந்தை போல அழுதார்.